பி.டி.எஸ். முடித்தவர்கள் வெளிநாட்டில் பல் மருத்துவராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். முடித்துவிட்டு, அல்லது அதன் கட்டாயப் பயிற்சியான சி.ஆர்.ஐ. செய்துகொண்டிருக்கும்போதே, வெளிநாட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பல் மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிற குடும்பங்களும் இதைப் படிப்பது நல்லது. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு ஆணையத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டமும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவும் கையில் இருக்கின்றன. நேராக வேலைக்குச் சேர முடியாதா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நான்கிலும் முடியாது. இந்த நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகள் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் ஒன்றின் கல்லூரி அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்துடனும் கனடாவுக்கு அப்படியோர் ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய பி.டி.எஸ். இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கும் இதே நிலைதான். கீழே சொல்லும் தேர்வுகள் அவர்களுக்கும் பொருந்தும்.

அப்படியானால் நம் படிப்பு தரமில்லை என்று சொல்கிறார்களா?

அப்படி யாரும் சொல்லவில்லை. 'உங்கள் கல்லூரியை நாங்கள் ஆய்வு செய்யவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் 300-க்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தினமும் நூற்றுக்கணக்கான நோயாளிகள் வந்துபோகும் கல்லூரியும் இருக்கிறது, ஆய்வு நாளில் மட்டும் நாற்காலிகள் நிறையும் கல்லூரியும் இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஒரே பட்டம்தான் வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது. அதனால் கல்லூரியை விட்டுவிட்டு ஆளைத் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள்.

இந்தியாவும் இதைத்தான் செய்கிறது. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பதிவு கேட்டு வருகிறவர்களுக்குத் தேசியத் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. நம் வாசலிலும் பூட்டு இருக்கும்போது அவர்களிடம் கோபப்பட நியாயமில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு: அந்தத் தேர்வுகளுக்கு இடம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் உட்கார வைப்பது. படித்துத் தேறக்கூடியவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குப் பாடம் காரணமில்லை. காத்திருப்பும், அதற்குள் கரைகிற பணமும், பழக்கம் விட்டுப்போகிற கையும்தான் காரணம். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஒருவிதத்தில் இதைப் பற்றியவை.

பிரிட்டனில் வழி என்ன?

அங்கே பதிவு தருவது பொதுப் பல் மருத்துவ மன்றம், சுருக்கமாக ஜி.டி.சி. வெளிநாட்டில் படித்தவர்களுக்காக அது ஓ.ஆர்.இ. என்ற தேர்வை வைத்திருக்கிறது. முதல் பகுதி கணினியில் எழுதும் இரண்டு தாள்கள். இரண்டாம் பகுதி கையும் வாயும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய தேர்வு. பொம்மைத் தலையில் பல் வேலை, நிலையம் நிலையமாக நகர்ந்து செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வு, நோயறிந்து சிகிச்சைத் திட்டம் சொல்வது, மருத்துவ அவசர நிலையைக் கையாள்வது என நான்கு பிரிவுகள் அதில் உள்ளன. விண்ணப்பிக்கவே ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை தந்த அனுபவம் 1,600 மணி நேரம் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் 4 முயற்சிகள்தான். முதல் பகுதியை முதன்முறை எழுதியதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இரண்டாம் பகுதியில் தேறிவிட வேண்டும். கேட்டால் தாராளமாகத் தோன்றும். ஆனால் இடங்கள் குறைவு. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துபோகும் என்பதால், இரண்டு லேப்டாப், மூன்று போன் வைத்துக்கொண்டு குடும்பமே உட்கார்ந்திருந்த கதைகளை இந்த வழியில் போன எவரும் சொல்வார்கள். கோவிட் காலத்தில் தேர்வே நின்றுபோனது. அந்த வரிசை இன்னும் முழுதாகக் கரையவில்லை. முதல் பகுதிக்கு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டம் அப்படியே இரண்டாம் பகுதியின் வாசலுக்கு நகர்ந்தது. இரண்டாம் பகுதிக்குக் கட்டணம் மட்டும் 4,000 பவுண்டுக்கு மேல். விமானமும் தங்குமிடமும் பயிற்சி வகுப்பும் தனி.

இன்னொரு கதவு, இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்.டி.எஸ். தேர்வு. அதில் தேறினாலும் ஜி.டி.சி. பதிவு கிடைக்கும். ஓ.ஆர்.இ.-யில் இடம் கிடைக்காதவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதால் அங்கும் போட்டிதான்.

பதிவு கிடைத்தால் தனியார் கிளினிக்கில் வேலை செய்யலாம். அரசுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.-இன் நோயாளிகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று இன்னொரு பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பொதுவாக ஒரு மேற்பார்வையாளரின் கீழ் சிறிது காலம் வேலை செய்து தகுதியை நிரூபிக்கச் சொல்வார்கள். அந்த மேற்பார்வை இடத்தையும் நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஹைஜீனிஸ்டாகப் பதிவு செய்து உள்ளே போய்விட்டால் போதும் என்கிறார்களே?

பழைய செய்தி. வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டத்தைக் காட்டி ஹைஜீனிஸ்டாக (பல் சுத்தம் செய்பவர்) அல்லது தெரபிஸ்டாக (எளிய பல் சிகிச்சை செய்பவர்) பதிவு செய்யும் வழி முன்பு இருந்தது. நம்மவர்கள் நிறையப் பேர் அதில் போனார்கள். 2023-இல் சட்டத்தை மாற்றி அதை மூடிவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லி 'பேக்கேஜ்' விற்கும் ஏஜென்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே பல் டாக்டரே கிடைப்பதில்லை என்று செய்தி வருகிறது. பிறகு ஏன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்?

செய்தி உண்மைதான். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் கிளினிக் என்.எச்.எஸ். நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறது என்று தெரிந்ததும், தெருவை வளைத்து வரிசை நின்றது. கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது. ஆனால் பதிவு பெற்ற பல் மருத்துவர்கள் நாட்டிலேயே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. 2006-இல் வந்த என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் சிகிச்சைகளை அலகுகளாகக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். ஒரே நோயாளிக்குப் பல பற்களில் வேலை இருந்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. உள்ளூர் மருத்துவர்களே தனியார் பக்கம் போய்விடுகிறார்கள். அந்தக் காலியிடத்தை வெளிநாட்டவரைக் கொண்டு நிரப்பலாம் என்று அரசு நினைக்கிறது. 2024-இல் தேர்வு இல்லாமலே மேற்பார்வையின் கீழ் வேலை செய்யத் தற்காலிகப் பதிவு தரலாமா என்று கருத்துக் கேட்டதும் அதனால்தான்.

அரசுக்கு ஆள் வேண்டும், ஆணையத்துக்கு நோயாளியின் பாதுகாப்பு வேண்டும், உள்ளூர்ச் சங்கங்களுக்குச் சம்பளம் குறையக் கூடாது. இந்த மூன்றும் ஒத்துப்போகும் வரை 'பற்றாக்குறை' என்ற சொல்லை நம்பி வேலையை விடாதீர்கள்.

கனடா?

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஏமாற்றுவது எந்த மோசடிக்காரனும் இல்லை, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆர். கார்டுதான். குடியேற்றத்துக்கான புள்ளிகளில் உங்கள் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. விமானம் ஏறி டொராண்டோவில் இறங்கிய பிறகு, அதே பட்டத்தைக் கொண்டு ஒரு பல்லைத் தொடவும் அனுமதி இல்லை. குடியேற்றம் மத்திய அரசின் வேலை. உரிமம் மாகாண ஆணையத்தின் வேலை. ஒன்டாரியோ என்றால் ஒன்டாரியோ ராயல் காலேஜ் ஆஃப் டென்டல் சர்ஜன்ஸ். ஒன்று கொடுத்ததை மற்றொன்று மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உரிமத்துக்கு முன் கனடாவின் தேசியப் பல் மருத்துவத் தேர்வு வாரியமான என்.டி.இ.பி. நடத்தும் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். அடிப்படை அறிவைச் சோதிக்கும் ஏ.எஃப்.கே., எக்ஸ்ரேயும் நோயாளியின் விவரமும் தந்து முடிவெடுக்கச் சொல்லும் ஏ.சி.ஜே., மூன்றாவதாக என்.டி.இ.சி.சி. என்ற செய்முறைத் தேர்வு. 2022-இல் பழைய செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஒட்டாவாவில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் 3 முயற்சிகள் மட்டுமே. பலரும் முதல் இரண்டைத் தாண்டிவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழி, டொராண்டோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான இரண்டு ஆண்டு அளவிலான படிப்பில் சேர்வது. ஏ.எஃப்.கே.-யில் நல்ல மதிப்பெண் இதற்கும் உதவும். இடங்கள் மிகக் குறைவு, கட்டணம் மிக அதிகம். ஆனால் முடித்தால் கனடாவில் படித்தவராகவே கருதப்படுவீர்கள். அமெரிக்காவின் கதவும் பாதி திறந்துவிடும். கியூபெக் மாகாணம் போக நினைத்தால் பிரெஞ்சு மொழியும் தேர்வுதான்.

2024-இலிருந்து கனடிய அரசின் பல் நலத் திட்டத்தில் நோயாளிகள் சேர்ந்துவருகிறார்கள், எனவே தேவை கூடும் என்பது சரி. வரிசை சுருங்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் மறுபடியும் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். அங்கே உரிமம் தருவது மாநிலங்கள். அநேகமாக எல்லா மாநிலங்களும் அங்கே பல் மருத்துவக் கல்லூரிகளை ஆய்வு செய்யும் அமைப்பான கோடாவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டத்தைக் கேட்கின்றன. அதனால் இங்கே ஐந்து ஆண்டுகள் படித்தவர் அங்கே இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை மீண்டும் மாணவராக வேண்டும். விண்ணப்பங்கள் கேப்பிட் என்ற பொது முறை வழியாகப் போகும். அதற்கு முன் தேசியப் பல் மருத்துவ எழுத்துத் தேர்வான ஐ.என்.பி.டி.இ.-யில் தேறியிருக்க வேண்டும். 500 கேள்விகள், பழைய இரண்டு பகுதித் தேர்வுக்குப் பதிலாக வந்தது. டோஃபல் ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் சான்றிதழ் மதிப்பீடு, பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் உண்டு. நேர்காணலுக்கு அழைத்தால் பல கல்லூரிகளில் பெஞ்ச் டெஸ்ட் என்ற கைவேலைத் தேர்வு வைப்பார்கள்: டைபோடான்டில் (செயற்கைப் பற்கள் பொருத்திய தாடை மாதிரி) கிரவுன் என்ற உறைக்குப் பல் சீவு, பல் நிற காம்போசிட் அடைப்பு வை, சில இடங்களில் மெழுகில் பல் செதுக்கு.

கல்விக் கட்டணம் மட்டும் சாதாரணமாக 1 லட்சம் டாலரைத் தாண்டும். 2 லட்சத்தைத் தாண்டும் கல்லூரிகளும் உண்டு. அமெரிக்காவில் ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் இல்லையென்றால் கடன் வாங்குவதே தனிப் போராட்டம். சென்னையில் வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். படித்து முடித்தால் சம்பாத்தியத்தில் அந்தக் கடனை அடைக்க முடியும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் படிப்புக்கும் சம்பாத்தியத்துக்கும் இடையில் விசா நிற்கிறது. தனியார் கிளினிக் எச்-1பி எடுக்க வேண்டுமானால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். உள்ளே மாணவர் விசாவில் இருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. கிரீன் கார்டுக்கு இந்தியர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அங்குள்ள பட்டம் இல்லாமல், பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியான ரெசிடென்சி மட்டும் முடித்தவர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தரும் மாநிலங்கள் சில உண்டு. அந்த உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாமல் போகலாம். கணவனுக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை மாறினால் என்ன செய்வீர்கள் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியா எளிது என்கிறார்களே?

எளிது என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கானது என்பேன். ஆஸ்திரேலியப் பல் மருத்துவ மன்றமான ஏ.டி.சி. முதலில் ஆவணங்களைப் பார்க்கும், பிறகு எழுத்துத் தேர்வு, பிறகு மெல்பர்னில் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வை உலகின் பல நகரங்களில் கணினி மையங்களில் எழுதலாம். மூன்றும் முடிந்தால் ஆஸ்திரேலியப் பல் மருத்துவ வாரியத்தில் பதிவு. அங்கே பதிவு பெற்றவர் இரு நாட்டு உடன்பாட்டின்படி நியூசிலாந்திலும் பதிவு பெறலாம். நடைமுறை தெளிவாக இருப்பதால்தான் கூட்டமும் அங்கே போகிறது. செய்முறைத் தேர்வுதான் வடிகட்டி. ஒரு தடவை தவறினால் கட்டணம், விசிட்டர் விசா, டிக்கெட் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

செய்முறைத் தேர்வில் ஏன் இத்தனை பேர் தவறுகிறார்கள்? நாம்தான் நிறைய நோயாளிகளைப் பார்த்தவர்கள் ஆயிற்றே?

நாம் நிறையச் செய்தது அங்கே கேட்கப்படுவதில்லை. அரசுக் கல்லூரி ஓ.பி.-யில் இன்டர்ன் ஒருவர் பிடுங்கும் பற்களை அங்கே ஒரு மாணவர் முழுப் படிப்பிலும் பார்த்திருக்க மாட்டார். முழுப் பல் செட்டும் அப்படியே. பொம்மைத் தலையில் பல் பிடுங்கச் சொல்வதில்லை. ஒரு கடைவாய்ப் பல்லில் கிரவுனுக்குச் சீவச் சொல்வார்கள். மேல் பரப்பில் எவ்வளவு குறைத்தீர்கள், சுவர்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன, உள்நோக்கிய குழிவான அண்டர்கட் இருக்கிறதா, ஓரக்கோடு தொடர்ச்சியாக வருகிறதா, பக்கத்துப் பல்லில் பர் (சீவும் முனை) பட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். பக்கத்துப் பல்லில் ஒரு கீறல் போதும். நிஜ நோயாளியிடம் பாலிஷ் செய்து சமாளிக்கும் கீறல் அங்கே மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

பிளாஸ்டிக் பல் எனாமல் மாதிரி எதிர்ப்புக் காட்டாது. கை கொஞ்சம் அழுந்தினாலும் பர் உள்ளே போய்விடும். காற்றில் சுழலும் ஏரோட்டர் கருவிக்குப் பழகிய கைக்கு மின்சார ஹேண்ட்பீஸின் எடை வேறு, சத்தம் வேறு. கண்ணாடியைப் பார்த்து மேல் பற்களில் வேலை செய்ய வேண்டும். நோயாளியின் தலையைத் திருப்பி, எட்டிக் குனிந்து நேராகப் பார்த்துச் செய்கிற பழக்கம் இங்கே வெளிப்பட்டுவிடும். பல்லை எச்சில் படாமல் தனியாக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமைப் படிக்கும்போது ஒன்றிரண்டு தடவை போட்டுவிட்டு, கிளினிக் வைத்த பிறகு டப்பாவைத் திறக்காதவர்கள் ஏராளம். அங்கே ரப்பர் டேம் போடாமல் வேர் சிகிச்சையைத் தொடங்குவது என்ற பேச்சே இல்லை.

அடுத்தது பேச்சு. ஆஸ்கியில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். பல்லை எடுக்கலாமா, வேர் சிகிச்சை செய்யலாமா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்னவாகும், ஒவ்வொன்றிலும் என்ன ஆபத்து, என்ன செலவு என்று சொல்லி அவரை முடிவெடுக்க விட வேண்டும். நம் ஊரில் 'நீங்க பாத்து செய்யுங்க டாக்டர்' என்று சொல்லிவிட்டு நோயாளி வாயைத் திறந்துவிடுவார். அந்த நம்பிக்கையில் வளர்ந்த டாக்டருக்கு, முடிவை நோயாளியின் கையில் கொடுப்பது பாடமாகத் தெரியும், பழக்கமாக வராது. பல் பிடுங்கியவுடன் எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் எழுதும் கையும் அப்படித்தான். பிரிட்டனில் காரணம் கேட்பார்கள். 'வழக்கமாகக் கொடுப்போம்' என்பது காரணமாகாது.

வெளிநாடு போவது உறுதி என்றால் இன்றைக்கே உங்கள் கிளினிக்கில் ரப்பர் டேம் போடத் தொடங்குங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு மாதப் பயிற்சி வகுப்பு சொல்லித் தருவதைவிட இரண்டு ஆண்டுப் பழக்கம் கைக்கு அதிகம் சொல்லித் தரும்.

காத்திருக்கும் காலத்தில் என்ன வேலை செய்யலாம்?

அங்கே போய்க் காத்திருந்தால் டென்டல் அசிஸ்டென்ட், வரவேற்பு, ஸ்டெரிலைசேஷன். மாகாணத்துக்கு மாகாணம், நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். அந்த வேலையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அங்கே கிளினிக் எப்படி ஓடுகிறது, நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், குறிப்பு எப்படி எழுதுகிறார்கள் என்பதை ஆஸ்கிக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. சிக்கல் என்னவென்றால் பல்லைத் தொடுவது டாக்டர்தான், நீங்கள் எச்சில் உறிஞ்சும் சக்ஷன் குழாய் பிடிப்பவர். மூன்று ஆண்டுகள் சக்ஷன் பிடித்துவிட்டு பொம்மைத் தலையின் முன் உட்கார்ந்தால் கை தயங்கும். விண்ணப்பங்களிலும் 'கடைசியாக எப்போது பல் மருத்துவராக வேலை செய்தீர்கள்' என்ற கேள்வி வரும்.

அதனால் முடிந்தவரை எழுத்துத் தேர்வுகளை இங்கிருந்தே முடியுங்கள். செய்முறைத் தேர்வுக்கு இடம் உறுதியாகும் வரை இங்கே கிளினிக்கில் வேலை செய்யுங்கள். குடும்பம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. பெரும்பாலும் பெண் டாக்டர்கள். கணவரின் வேலைக்காகப் போய், குழந்தை பிறந்து, தேர்வு தள்ளிப்போய், 'அப்புறம் பார்க்கலாம்' என்று பெட்டியில் போன பி.டி.எஸ். சான்றிதழ்கள் வட அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் நிறைய இருக்கின்றன. திருமணப் பேச்சின்போதே தேர்வுச் செலவையும், படிக்கும் நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் பேசிவிடுவது நகைப் பேச்சைவிட முக்கியம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக இருக்கிறது, பட்டத்தில் இனிஷியல் மட்டும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று இங்கே யாரும் சொல்வார்கள். அங்கே கணினி சொல்லாது. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நமக்கு இது மட்டும் தனித் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். நான்கு ஆவணங்களில் நான்கு மனிதர்கள். சர்நேம் இடத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று, பெயர் தெரியாதவர் என்ற பொருளில் அச்சடித்துவிடுவார்கள்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம், பெயர் இரண்டையும் நிரப்பிச் சரிசெய்யுங்கள். பிறகு எல்லா விண்ணப்பங்களிலும், ஐ.இ.எல்.டி.எஸ். உட்பட, அதையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கும் ஆணையமும் உண்டு, பல்கலைக்கழகத்திடமிருந்தே கடிதம் கேட்கும் ஆணையமும் உண்டு.

வேறு என்னென்ன ஆவணங்கள் தொல்லை தரும்?

டிரான்ஸ்கிரிப்ட், பாடத்திட்டம், நன்னடத்தைச் சான்று. பல ஆணையங்கள் இவற்றை உங்கள் கையிலிருந்து வாங்காது, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ உங்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ மூடி முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும் என்று கேட்கும். கிண்டிக்கு நேரில் போய் நிற்பவருக்கு ஒரு வேகம், வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் போடுபவருக்கு வேறு வேகம். எனவே கிளம்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவு குறையில்லாமல் இருக்கிறது என்று மாநிலக் கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றுக்கு ஆயுள் குறைவு, சில மாதங்கள்தான். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு 2 ஆண்டுகள். தேர்வு இடம் கிடைக்கத் தாமதமாகும்போது இவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நீண்ட நாள் எடுப்பவற்றை முதலிலும், சீக்கிரம் காலாவதியாகிறவற்றைக் கடைசியிலும் வாங்குங்கள். மாநிலக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்; அது விட்டுப்போனால் குட் ஸ்டாண்டிங் சான்றே கிடைக்காது.

பி.டி.எஸ். முழுக்க ஆங்கிலத்தில்தானே படித்தோம். பிறகு எதற்கு ஐ.இ.எல்.டி.எஸ்.?

பாடம் ஆங்கிலத்தில், நோயாளியிடம் பேச்சு தமிழில். அவர்கள் கேட்பது இரண்டாவதை. எழுதும் பகுதியில்தான் நம்மவர்களுக்கு அரைப் புள்ளி, ஒரு புள்ளி குறைகிறது. ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வை ஏற்கும் நாடுகளில் அதை எழுதிப் பாருங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுவது பொதுக் கட்டுரை எழுதுவதைவிடப் பலருக்குக் கைவருகிறது.

முதுகலைப் படிப்பான எம்.டி.எஸ். முடித்துவிட்டுப் போனால் நல்லதா?

குறுக்குவழி தேடித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால், இல்லை. பிரிட்டனில் நிபுணர் பட்டியலுக்குப் போகவும் முதலில் பல் மருத்துவராகப் பதிவு வேண்டும். கனடாவில் நிபுணர்களுக்குத் தனிப் பாதை இருக்கிறது. அதிலும் தேர்வும் பல்கலைக்கழகப் பயிற்சியும் உண்டு. வளைகுடாவில் மட்டும் எம்.டி.எஸ்.-ஸுக்கு உடனடி மதிப்பு தெரியும். அமெரிக்கா போவது முடிவாகிவிட்டது என்றால், எம்.டி.எஸ்.-ஸுக்குச் செலவிடும் மூன்று ஆண்டுகளையும் பணத்தையும் அங்கேயே போடுவதுதான் என் யோசனை. இங்கே பல் சீரமைப்பில் (ஆர்த்தோ) எம்.டி.எஸ். முடித்தவரும் அங்கே ஐ.என்.பி.டி.இ.-யில் தொடங்கத்தான் வேண்டும்.

துபாய், சவூதி?

படிக்கட்டு குறைவு. டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் சான்றிதழ்களை வழங்கிய இடத்திலேயே சரிபார்க்கும், பிறகு கணினித் தேர்வு, பிறகு தகுதிக் கடிதம். பல இடங்களில் இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகான அனுபவமும் கேட்பார்கள். துபாயில் ஒரு கிளினிக் உங்களைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உரிமம் உயிர்பெறும். எனவே வேலை போனால் உரிமமும் ஆடும். சவூதியில் பல் மருத்துவப் பணிகளில் உள்நாட்டவருக்கான விகிதத்தை உயர்த்திக்கொண்டே போகிறார்கள், பொதுப் பல் மருத்துவருக்கு அங்கே வாய்ப்பு சுருங்குகிறது. சில ஆண்டுகள் சம்பாதித்து வர வளைகுடா சரி, குடியேற நினைப்பவர்களுக்கு அது பதில் இல்லை.

ஜெர்மனி பற்றி விளம்பரங்கள் வருகின்றனவே?

தடை மொழி. பொது ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதன் மேல் பல் மருத்துவச் சூழலுக்கான சி1 நிலை மொழித் தேர்வு. அதன்பின் தற்காலிகப் பணி அனுமதி வாங்கி, அறிவுத் தேர்வில் தேறி, முழு உரிமமான அப்ரோபாட்சியோன் பெற வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அலுவலகமும் வேகமும் மாறும். கட்டணங்கள் மற்ற நாடுகளைவிடக் குறைவு. மொழிக்கு இரண்டு ஆண்டு ஒதுக்கத் தயார் என்றால் பணம் குறைந்தவர்களுக்கு இதுதான் நியாயமான வழி. சிங்கப்பூர் கேட்பவர்களுக்கு ஒரே வரி: அங்கே சட்டத்தின் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குத்தான் பதிவு, பட்டியலை முதலில் பாருங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று நாடுகளுக்குச் சேர்த்து முயலலாமா?

வேண்டாம். ஏ.எஃப்.கே.-க்குப் படித்தது ஐ.என்.பி.டி.இ.-க்கும் பயன்படும் என்பது பாதி உண்மை. பாடம் பொது, செலவு பொது இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஆவணச் சரிபார்ப்பு, தனிக் கட்டணம், தனிக் கெடு. மூன்று நாடுகளின் முதல் தேர்வில் தேறி, எதற்கும் இரண்டாவது தேர்வுக்குப் பணமில்லாமல் நிற்கிறவர்கள் உண்டு.

நாட்டைத் தேர்வு செய்ய என் கணக்கு இது. நெருங்கிய உறவு எங்கே சட்டப்படி தங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். விசாவும் தங்குமிடமும் பாதிச் செலவு. அடுத்து, வருமானமே இல்லாமல் எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிப்பீர்கள் என்று பாருங்கள். பெரிய கடனைத் தாங்கும் குடும்பமும் தொடர்ந்து படிக்கும் மனமும் இருந்தால் அமெரிக்கா. கையில் நம்பிக்கை இருந்து, கடன் வேண்டாம் என்றால் ஆஸ்திரேலியா. கனடாவில் பி.ஆர். ஏற்கெனவே இருந்தால் மட்டும் கனடா. பிரிட்டனை, இடம் கிடைக்கும் வரை இங்கே வேலை செய்துகொண்டு காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் சொல்வேன்.

கடைசி முயற்சியிலும் தவறிவிட்டால்?

கனடாவில் ஒரு படியில் 3 முறை தவறினால் அந்தப் பாதை முடிந்தது. பல்கலைக்கழகப் படிப்பு மட்டும் மிச்சம். பிரிட்டனில் ஓ.ஆர்.இ. முடிந்தாலும் எல்.டி.எஸ்.-இன் விதிகளைத் தனியாகப் பார்க்கலாம். பல் மருத்துவத்தை ஒட்டிய வேலைகளுக்கு நம்மவர்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள்: பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, மருத்துவ ஆய்வு, இன்சூரன்ஸ் நிறுவனங்களில் கிளெய்ம் பார்க்கும் வேலை, கனடாவில் முறையாகப் படித்து ஹைஜீனிஸ்ட். ஹைஜீனிஸ்ட் வருமானத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

கடைசி முயற்சிக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முந்தைய தேர்வின் மதிப்பெண் விவரத்தை எடுத்து, எந்தப் பிரிவில் விழுந்தீர்கள் என்று பாருங்கள். எல்லாப் பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னும் படிக்க வேண்டும். ஒரே பிரிவில், அதுவும் கைவேலையில், திரும்பத் திரும்ப விழுந்திருந்தால் அதே பயிற்சி மையத்துக்கு மறுபடி பணம் கட்டாதீர்கள். ஒரு டைபோடான்டும் ஹேண்ட்பீஸும் வாங்கி வீட்டிலேயே பொருத்தி, சீவிய பற்களைத் தேர்வில் தேறிய ஒருவரிடம் வாரம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தேதி பதிவு செய்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.